கட்டளையும் பொறுப்பும்

(இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியிலும் அநுபவத்திலும் என்னினும் மிக்கார் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், இன்னும் மாணவப் பருவம் நீங்காத யான் பேசத் துணிந்தது மன்றச் செயலாளரின் அன்புக் கட்டளையால் ஆகும். எனக்கு அளிக்கப்பட்ட விடயம், கணினிக்குக் கட்டளை எழுதுங் கலை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பது. இதனை விஞ்ஞான மாணவர்க்கு மட்டும் உரியதொரு விடயமென்று பெரியோர்கள் ஒதுக்கிவிட வேண்டாமென முதற்கண் கேட்டுக்கொள்கின்றேன். அஃது ஏனென்பதை யான் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்குகின்றேன்.

சில காலத்துக்கு முன் ஓர் அலுவலகத்திலே யான் வரிசையில் நின்றேன். எனக்கு முன் நின்றவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். அவர் பெயரும் அவர் தந்தையார் பெயரும் நம்மவர் பெயர்களுக்கே உரிய வண்ணம் நீண்டவை. இரண்டையுஞ் சேர்த்து எழுதக் கணினியில் இடம் போதவில்லை. கரும பீடத்தில் இருந்தவர் பெயரின் ஈற்றெழுத்துக்களை விட்டுவிட்டுப் பதிந்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலுள்ள பெயரோடு அது பொருந்தவில்லை. ஆகவே விண்ணப்பம் திரும்பிவிட்டது. முதியவர் காரணம் வினவினார். "ஐயா, நாங்கள் என்ன செய்வது? கணினி ஏற்கவில்லை" என்பதே விடை. அவரும் "கணினி ஏற்கவில்லையாம்" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கணினி ஏற்கவில்லை என்ற அச்சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. கணினி யார், ஒன்றை ஏற்பதற்கும் மறுப்பதற்கும்? இந்தக் கேள்விக்குரிய விடை அக்கலையின் தொடக்க வரலாற்றிலேயே கிடக்கின்றது. அதனையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

செய்நிரல் என்பது யாது?

கணினி செய்யவேண்டிய வேலையை ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கொடுக்குங் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்கின்றோம். அத்தகைய நிரல்கள் யாவற்றுக்கும் மென்பொருள் என்பது பொதுப் பெயர். கண்ணாற் கண்டு கையாற் தொடக்கூடிய இயந்திரப் பகுதி வன்பொருள் எனப்படும்.

தாய்மார்கள் அறிந்த ஓர் உதாரணங் கூறுகின்றேன். புட்டு அவிக்கத் தெரியாத ஒரு பிள்ளைக்கு நாம் வழி சொல்வதாக வைத்துக்கொள்வோம். "குழலுக்குள் ஒரு பிடி மாவைப் போடு; அதன்மேல் தேங்காய்ப்பூவைப் போடு; இப்படியே மாறிமாறிப் போடு" என்கின்றோம். பிள்ளை குழல் நிரம்பியதும் நிறுத்திவிடும். நிறுத்து என்று நாம் சொல்லவில்லை. எனினும் பிள்ளைக்கு அறிவுண்டு. கணினிக்கோ அவ்வறிவு இல்லை. "குழல் நிரம்பும்வரை" என்ற இரு சொற்களை நாம் சொல்ல மறந்தால், மா நிலத்திலே சிந்தச் சிந்த அது போட்டுக்கொண்டேயிருக்கும். குற்றம் அதனுடையதன்று. சொன்னதையே அது செய்தது. சொல்லாமல் விட்டவர் நாமே. இவ்வுதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அமெரிக்காவிலே இதுபோன்றதொரு சம்பவம் உண்மையாகவே நிகழ்ந்ததைக் காண்போம்.

நெசவிற் பிறந்த எண்ணம்

இக்கலையின் வித்து நெசவுத் தறியிலே விழுந்தது என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். பிரான்சு தேசத்திலே ஜக்கார்ட் என்பவர் 1804ஆம் ஆண்டளவில் ஒரு தறியை அமைத்தார். துளையிட்ட அட்டைகள் வரிசையாக அத்தறியினூடே செல்லும். துளையுள்ள இடத்தில் இழை உயரும். துளையில்லாத இடத்தில் உயராது. அட்டைகளை மாற்றினால் சேலையின் பூவேலைப்பாடும் மாறும், தறி மாறுவதில்லை. ஒரே இயந்திரம் கட்டளைக்குத் தக்கபடி வெவ்வேறு வேலை செய்யும் என்ற பேருண்மை இங்கே தோன்றியது.

இதனைக் கண்ட சாள்ஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், பூவேலைக்குப் பதிலாகக் கணக்கை நெய்யும் இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். பகுப்பாய்வு இயந்திரம் என்பது அதன் பெயர். பற்சில்லுகளால் ஆகி, அட்டைகளால் ஆளப்படவிருந்த அவ்வியந்திரம் அவர் 1871இல் மறையும் வரையிலும் முற்றுப்பெறவில்லை. ஆயின் அதற்குரிய கட்டளைகளை எழுத ஒருவர் முன்வந்தார். அவர்தாம் கவிஞர் பைரனின் மகளாகிய அடா லவ்லேஸ் அம்மையார்.

இத்தாலிய அறிஞர் ஒருவர் அவ்வியந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை அம்மையார் 1843ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்திலும் ஏறத்தாழ மும்மடங்கு நீண்ட குறிப்புக்களைச் சேர்த்து வெளியிட்டார். அக்குறிப்புக்களின் இறுதியிலே, பேர்ணூலி எண்கள் எனப்படும் ஒருவகை எண்களைக் கணிப்பதற்கு இயந்திரம் செய்யவேண்டியவற்றைப் படிப்படியாக ஓர் அட்டவணையில் வகுத்துக் காட்டியுள்ளார். உலகில் அச்சேறிய முதலாவது செய்நிரல் இதுவே என்பர் பலர். பாபேஜ் தாமே அதற்கு முன் சிலவற்றை எழுதி வைத்திருந்தார் என்று வாதிப்போரும் உளர்.

இவ்வரலாற்றில் இரு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியவை. பாபேஜ் செய்த பெரும்பிழை ஒன்றை அம்மையார் கண்டு திருத்தினார் என்று பாபேஜே பின்னர் எழுதியுள்ளார். அவ்வாறு திருத்தி வெளியிட்ட அட்டவணையிலோ, ஒரு வகுத்தலில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம்மாறி நிற்கின்றன. அது கைப்பிழையோ அச்சுப் பிழையோ, முதற் செய்நிரலோடு முதற் பிழையும் கூடவே பிறந்துவிட்டது!

அம்மையார் மற்றொன்றுங் கூறினார். இவ்வியந்திரம் எதனையும் தானாகத் தோற்றுவிக்கும் என்று எவரும் எண்ணவேண்டாம். எதனைச் செய்யுமாறு ஆணையிட நமக்குத் தெரியுமோ அதனையே அது செய்யும் என்பது அவர் கருத்து. இயந்திரமே இல்லாத காலத்தில் எழுதிய அவ்வெச்சரிக்கையை, இயந்திரங்கள் மலிந்த காலத்து மக்கள் மறந்துவிட்டார்கள்.

நில்லாத குண்டு

ஒரு நூற்றாண்டு கழிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, பீரங்கிக் குண்டு எவ்வழியே பறந்து எங்கே விழும் என்பதைக் கணித்து அட்டவணைகள் தயாரிக்கும் வேலையில் அமெரிக்க இராணுவம் கணிதம் பயின்ற பெண்கள் பலரை அமர்த்தியது. அக்காலத்தில் 'கொம்பியூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை; கணக்குப் பார்க்கும் மனிதரையே குறித்தது. அப்பெண்களின் உத்தியோகப் பெயரும் அதுவே.

அவ்வேலையை விரைவிற் செய்வதற்காகப் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாச் சர்வகலாசாலையில் மொச்லி, எக்கேட் என்னும் இருவர் தலைமையில் எனியாக் என்ற மின்னணு இயந்திரம் உருவாயிற்று. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் 30 தொன் நிறையும் கொண்ட அவ்விராட்சத இயந்திரத்தை இயக்கக் கட்டளை வகுப்பதற்கு 1945ஆம் ஆண்டிலே ஆறு பெண்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். கத்லீன் மக்நல்ரி, ஜீன் ஜெனிங்ஸ், பெற்றி ஸ்னைடர், மார்லின் வெஸ்கொவ், பிரான்செஸ் பிலாஸ், றூத் லிச்ரமன் என்பன அவர்தம் பெயர்கள். இவர்களுள் கத்லீன் அயர்லாந்தில் ஒரு சிற்றூரிற் பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்தபோது அவர் அறிந்தது ஐரிஷ் மொழி ஒன்றே.

அவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். படிப்பதற்கு ஒரு நூல் இல்லை. கற்பிக்க ஓர் ஆசிரியர் இல்லை. இராணுவ இரகசியமாதலால் தொடக்கத்தில் இயந்திரத்தைப் பார்ப்பதற்குக்கூட அநுமதி இல்லை. மின்கம்பி இணைப்புப் படங்களைக் கையிற் கொடுத்து, இதைக் கொண்டு அறிந்துகொள்ளுங்கள் என்றனர். அவர்களும் அப்படங்களைப் பார்த்தே இயந்திரத்தின் இயல்பைத் தெளிந்தனர். இன்றுபோல் எழுத்தால் எழுதும் கட்டளைகள் அன்று இல்லை. ஒரு கணக்குக்கு ஏற்ப நூற்றுக்கணக்கான கம்பிகளை இணைத்தும் ஆளிகளைத் திருப்பியும் இயந்திரத்தை ஆயத்தஞ் செய்யவேண்டும். ஒரு கணக்கை விட்டு மற்றொன்றுக்கு மாறப் பல நாட்கள் செல்லும்.

1946ஆம் ஆண்டு பெப்ருவரி 15ஆந் திகதி இயந்திரத்தை அறிஞர்கட்கும் அதிகாரிகட்கும் காட்டும் விழா. குண்டின் பாதையைக் கணித்துக் காட்டும் செய்நிரலை ஜெனிங்சும் ஸ்னைடரும் ஆயத்தஞ் செய்தனர். விழாவுக்கு முதல்நாள் வரை எல்லாம் சரி; ஒன்றைத் தவிர. குண்டு நிலத்தை அடைந்த பின்பும் கணக்கு நிற்கவில்லை! நிலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே கீழே போவதாக இயந்திரம் கணித்துக்கொண்டேயிருந்தது. நான் முன்னர் சொன்ன புட்டுக் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றி ஸ்னைடர் கவலையோடு வீடு சென்று உறங்கினார். உறக்கத்திலே விடை உதித்ததாம். காலையில் வந்து நேரே ஓர் ஆளியைத் திருப்பினார், குறை தீர்ந்தது. விழாவன்று உண்மையான குண்டு பறந்து விழுவதற்கு எடுக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்திலே இயந்திரம் அதன் பாதையைக் கணித்து முடித்தது. கூடியிருந்தோர் பிரமித்தனர்.

அன்றிரவு நடந்த விருந்துக்கு அவ்வறுவரையும் அழைக்கவில்லை. பத்திரிகைகளில் இயந்திரத்தின் படம் வந்தது. பெண்களின் பெயர்கள் வரவில்லை. அவர்கள் குளிரில் வீடு திரும்பினர். பின்னர் 1980களின் நடுப்பகுதியில் ஹாவார்ட் சர்வகலாசாலை மாணவியாகிய காத்தி கிளைமன் என்பவர் பழைய படங்களைப் பார்த்து, இப்பெண்கள் யாவர் என்று விசாரித்தார். இயந்திரம் அழகாகத் தோன்றும் பொருட்டு நிறுத்திய விளம்பர மங்கையர் என்றே அவருக்கு விடை கிடைத்தது. அவர் அவ்விடையோடு அமையவில்லை. தேடிச் சென்று உண்மையை வெளிக்கொணர்ந்தார். 1997ஆம் ஆண்டிலே அறுவருக்கும் கௌரவம் அளிக்கப்பட்டது. றூத் லிச்ரமன் 1986ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

என் தோழர்களே! ஒரு மாணவி கேட்ட ஒரு கேள்வி ஆறு பேருடைய உழைப்பை மறதியினின்றும் மீட்டது. கேள்வி கேட்பதற்கு வயதும் பதவியும் வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இயந்திரமே எல்லாவற்றையும் செய்தது என்று உலகம் புகழ்ந்தபோது, செய்வித்தவர் மறைந்தனர் என்பதையும் கவனியுங்கள். புகழ் வரும்போது செய்வித்தவர் மறைவது போலவே, பழி வரும்போதும் செய்வித்தவர் மறைந்துகொள்ள இடமுண்டு. இரண்டும் ஒரே மறைப்பின் இரு புறங்களாகும்.

படிக்கட்டில் வந்த தெளிவு

கம்பிகளை மாற்றும் தொல்லை தீர்வதற்கு, கட்டளைகளையும் எண்களைப் போலவே இயந்திரத்தின் நினைவகத்தில் வைத்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றியது. இதனை விளக்கிய அறிக்கையொன்று 1945ஆம் ஆண்டிலே வொன் நொய்மன் என்னும் கணிதப் பேரறிஞரின் பெயரில் வெளிவந்தது. இவ்வாறு நினைவகத்தில் வைத்த செய்நிரலொன்று முதன்முதலாக இயங்கியது 1948ஆம் ஆண்டு யூன் 21ஆந் திகதி, இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில். ரொம் கில்பேண் எழுதிய அந்நிரலில் இருந்தவை பதினேழே கட்டளைகள். 2,62,144 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களுள் அதற்கு அடுத்த பெரியது யாது என்பதே கேள்வி. பாதி என்று நம்மூர்ப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவர். இயந்திரமோ ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து 52 நிமிடங்களின் பின் 1,31,072 என்று விடை காட்டிற்று. விடை முன்னரே தெரிந்ததாற்றான் இயந்திரம் சரியாக இயங்குகின்றது என்று அறிய முடிந்தது.

மறு ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையில் மொறிஸ் வில்க்ஸ் என்பவரின் குழுவினர் அமைத்த எட்சாக் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. சில வாரங்களின் பின் வில்க்ஸ் தாமே ஒரு செய்நிரலை எழுதினார். 126 வரிகளே கொண்டது. கணிதத்திலும் மின்னியலிலும் வல்ல பேராசான்; தாமே முன்னின்று அமைத்த இயந்திரம். ஆயினும் என்ன? ஆனைக்கும் அடி சறுக்கும் அன்றோ! அந்த 126 வரிகளுள் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன.

செய்நிரல் எழுதும் அறைக்கும் இயந்திரம் இருக்கும் அறைக்கும் இடையே படிக்கட்டுக்கள் உண்டு. அப்படிகளில் ஏறியிறங்கிய ஒருநாள், தம் எஞ்சிய வாழ்நாளிற் பெரும்பகுதி தம்முடைய பிழைகளைத் தாமே தேடுவதில் கழியப்போகின்றது என்ற உண்மை தமக்குத் திடீரெனப் புலப்பட்டதாக வில்க்ஸ் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். இவ்வரலாறு முழுவதிலும் என்னை மிகவும் கவர்ந்த கணம் இதுவே. இயந்திரம் பிழைத்தது என்று அவர் கூறவில்லை. பிழை என்னுடையது, தேடவேண்டியவனும் நானே என்று உணர்ந்தார்.

அவ்வுணர்வு அவரைச் சோர்வடையச் செய்யவில்லை. ஒழுங்கைத் தேடச் செய்தது. ஒருமுறை எழுதிச் சோதித்துத் திருத்திய சிறு நிரல்களை நாடாக்களிற் பதிந்து சேமித்து வைத்தால், அடுத்தவர் அவற்றைப் புதிதாக எழுதிப் புதிதாகப் பிழைவிட வேண்டியதில்லை என்று அக்குழுவினர் கண்டனர். அவருடைய மாணவராகிய டேவிட் வீலர் அச்சிறு நிரல்களைப் பெரிய நிரலோடு கோக்கும் முறையை வகுத்தார். 1951ஆம் ஆண்டில் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் எழுதிய நூலே செய்நிரலாக்கத்தைப் பற்றி வெளிவந்த முதல் நூலாகும். அதே ஆண்டில், எட்சாக்கைப் பின்பற்றி அமைத்த லியோ என்ற கணினியை இலண்டனிலே தேநீர்ச்சாலைகள் நடத்திய லயன்ஸ் கம்பனியார் தம் வெதுப்பகக் கணக்குக்குப் பயன்படுத்தினர். கணினி வர்த்தக உலகில் அடியெடுத்து வைத்தது ஒரு தேநீர்க் கம்பனி வாயிலாக என்பது, தேயிலை விளையும் நாட்டவராகிய நமக்கு இனிய செய்தியன்றோ?

மனித மொழியை நோக்கி

அக்காலச் செய்நிரல்கள் எண்களும் குறிகளுமாய் இருந்தன. மனிதன் இயந்திரத்தின் மொழியைப் பேசிய காலம் அது. இயந்திரம் மனிதனுடைய மொழிக்கு அண்மையில் வரலாகாதா என்று கேட்டவர் கிறேஸ் ஹொப்பர் அம்மையார். கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்து, ஹாவார்டிலிருந்த மாக் என்னும் கணினியிற் பணியாற்றியவர். 1947ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆந் திகதி அங்கேயிருந்த மற்றொரு கணினியின் உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கி வேலை தடைப்பட்டது. அப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தனர். இன்றும் அது பாதுகாக்கப்பட்டுள்ளது. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று கூறும் வழக்கு அதற்கு முன்பே ஆங்கிலத்தில் உண்டு. அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

1952ஆம் ஆண்டளவில் ஹொப்பர், மனிதன் சுருக்கமாக எழுதுவதை இயந்திரக் கட்டளைகளாகத் தொகுத்துத் தரும் செய்நிரலொன்றை ஆக்கினார். கணினி கணக்கு மட்டுமே செய்யும், இவ்வேலை அதனால் ஆகாது என்று பலர் நம்ப மறுத்தனர் என அவர் பின்னாளிற் கூறினார். அதன்பின் ஐ.பி.எம். கம்பனியில் ஜோன் பக்கஸ் என்பவரின் குழுவினர் 1954இல் தொடங்கி 1957இல் போட்றான் என்ற மொழியை வெளியிட்டனர். விஞ்ஞானிகள் தம் சமன்பாடுகளைப் பெரிதும் தமக்குப் பழகிய வடிவிலேயே எழுத அது வழிசெய்தது. 1959இல் கூடிய குழுவொன்று வர்த்தகத்துக்கு உகந்த கோபோல் மொழியை வகுத்தது. ஹொப்பர் அம்மையாரின் முன்னைய மொழி அதற்கு அடிப்படை. அப்பணியில், விருந்துக்கு அழைக்கப்படாத அதே பெற்றி ஸ்னைடரும் பங்குகொண்டார். மென்பொருள் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1958ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலே ஜோன் ரூக்கி என்னும் அறிஞர் இப்பொருளில் எடுத்தாண்டார்.

மொழி எளிதாயிற்று, எழுதுவோர் பெருகினர், பிழையும் பெருகிற்று. 1962ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதி வெள்ளிக் கிரகத்தை நோக்கி அமெரிக்கா ஏவிய மரினர் 1 என்ற விண்கலம், வழிதவறியமையால் ஐந்து நிமிடங்களுக்குள் தகர்க்கப்பட்டது. வானொலிக் கருவியின் கோளாறோடு, வழிகாட்டும் நிரலில் ஒரேயொரு சிறு குறி விடுபட்டமையும் அதற்குக் காரணம் எனக் கண்டனர். 1968ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஜேர்மனியிலுள்ள கார்மிஷ் என்ற ஊரில் அறிஞர்கள் மாநாடு கூடி, மென்பொருள் ஆக்கம் பெரும் நெருக்கடியில் இருக்கின்றது. பாலங் கட்டுவோர் கைக்கொள்ளும் ஒழுங்கு இதற்கும் வேண்டும் என்று ஆராய்ந்தனர்.

அவ்வொழுங்கு கைகூடும் என்பதற்கும் சான்றுண்டு. 1969ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதி மனிதன் சந்திரனில் இறங்கிய வேளையில், கலத்தின் கணினிக்கு அளவுக்கு மீறிய வேலை சேர்ந்து எச்சரிக்கை எழுந்தது. அப்படியும் நேரலாம் என்று முன்னரே எண்ணி, முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு முக்கியமானவற்றை மட்டும் செய்யுமாறு நிரலை எழுதி வைத்திருந்தனர். ஆகவே இறக்கம் இனிதே முடிந்தது. அந்நிரல்களைக் காந்த வளையங்களினூடே செப்புக் கம்பியைக் கோத்துக் கையால் நெய்தவர்கள் தொழிற்சாலைப் பெண்கள். நெசவிலே பிறந்த கலை மீண்டும் நெசவாகவே சந்திரனுக்குச் சென்றது.

எல்லார் முதுகிலும் பட்ட அடி

இனி, வில்க்சின் படிக்கட்டுப் பாடத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று. பிரித்தானியாவின் தபாற் கந்தோர்களில் 1999ஆம் ஆண்டு முதல் ஹொறைசன் என்ற கணக்கு மென்பொருள் பயன்பட்டது. உபதபாலதிபர் பலரின் கணக்கிற் பணங் குறைவதாக அது காட்டியது. யாம் எடுக்கவில்லை என்று அவர்கள் கதறினர். கணினி பிழை விடாது என்று அதிகாரிகள் சாதித்தனர். 2015 வரையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர். வீடும் மானமும் இழந்தோர் இன்னும் பலர். மென்பொருளிலே பிழைகள் இருந்தன என்று 2019ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றித் தீர்ப்புக்களை நீக்கியது. இழந்த ஆண்டுகளை எந்தச் சட்டம் மீட்டுத் தரும்?

வந்திக் கிழவிக்காகப் புட்டுக்கு மண் சுமந்த பெருமான்மீது பாண்டியன் ஓங்கிய பிரம்படி எல்லார் முதுகிலும் பட்டது என்று நம் புராணங் கூறும். ஆங்கு அது ஆண்டவன் திருவிளையாடல். கணினியுலகிலோ, ஓரறையில் ஒருவர் எழுதிய ஒரு வரியின் பிழை, அவரை அறியாத ஆயிரம் பேர் முதுகிலே படுகின்றது. அடித்தவர் யார் என்று தேடினால், கணினி என்று இயந்திரத்தைச் சுட்டுகின்றார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் தாமே கற்கின்றன, தாமே செய்நிரலும் எழுதுகின்றன. ஆதலின் லவ்லேஸ் அம்மையாரின் கூற்று இனிப் பொருந்தாது என்று நண்பர் சிலர் வாதிப்பர். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வரிக்கு வரி மனிதன் கட்டளையிடாத விடைகளை அவை தருவது உண்மையே. ஆயினும் எதைக் கொண்டு அவை கற்கவேண்டும் என்று தெரிந்தவர் மனிதர். அவ்விடையை எந்தக் கருமத்துக்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவரும் மனிதரே. பிள்ளை தானாகப் பேசக் கற்றாலும், அதற்கு வளர்த்தவர் பொறுப்பிலர் ஆவரோ? பொறுப்பு முன்னையிலும் மிகுந்ததேயன்றிக் குறைந்திலது.

அன்பார்ந்த இளைஞர்களே! நம்மிற் பலர் நாளை இத்துறையிலே தொழில் பார்க்கப் போகின்றோம். ஆலயத்திலே குற்றம் பொறுக்கும்படி நாள்தோறும் வேண்டிக்கொள்ளும் மரபிலே வந்தவர்கள் நாம். பொறுக்குமாறு கேட்பதற்கு முன், குற்றம் எனது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். யான் பயின்ற மிசன் பாடசாலையிலும் இதனையே வேறு சொற்களாற் கற்பித்தார்கள். இக்கலையிலும் அதுவே முதற் பாடம். எழுதியதைச் சோதியுங்கள், பிழை கண்டால் மறையாதீர்கள், பயன்படுத்துவோர் முறையிட்டால் செவிகொடுங்கள்.

பெரியோர்களே! தங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கணினி ஏற்கவில்லை என்று எவரேனும் கூறினால், அதனை விதியென்று எண்ணிப் படியிறங்கிவிட வேண்டாம். ஏற்காதபடி எழுதியவர் யார், திருத்துவதற்கு உரியவர் யார் என்று கேளுங்கள். கேட்பது தங்கள் உரிமை.

அன்று யான் கண்ட முதியவரின் பெயர் நீளமானதன்று. அவருக்கென விட்ட இடமே குறுகியது. ஒரு மனிதனுடைய பெயருக்கு இத்தனை எழுத்துப் போதும் என்று எங்கோ ஒரு மேசையில் இருந்து ஒருவர் முடிவு செய்தார். நம்மவர் பெயர்கள் அவருடைய நினைவுக்கு வரவில்லை. அடுத்த முறை அம்மேசையில் இருப்பவர் நம்மில் ஒருவராக இருக்கலாம். அப்போது, தந்தை தாயர் அன்போடு இட்ட பெயர் முழுவதற்கும் இடம் விட்டு எழுதுவோமாக.